ஓரணா வில்லையும் ஒரு கையெழுத்தும்

தபால் தலை சேர்க்கும் பழக்கத்தை அறியாதார் இலர். பள்ளிச் சிறுவன் முதல் ஓய்வு பெற்ற நீதிபதி வரை அதில் ஈடுபட்டோர் பலர். ஆனால் அதன் உடன்பிறப்பாகிய ரெவின்யூ ஸ்டாம்பை, அதாவது வருவாய் வில்லையை, ஒருவர் தேடித் தேடிச் சேர்த்து வைக்கிறார் என்று கேள்வியுற்றால் கேட்பவர் சற்று வியப்புடனேயே நோக்குவர். கடன் வாங்கியவன் கையெழுத்திட்டுக் கெடுத்த காகிதத் துண்டு. வழக்கு மன்றத்து எழுத்தர் துளையிட்டுப் போட்ட சீட்டு. இதில் சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம்.

அந்தக் கெட்ட துண்டிலேதான் வரலாறு இருக்கிறது என்பது என் துணிபு. அரசாங்கம் உலகின் முன் தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பிற்றோ அதனைத் தபால் தலை காட்டும். மக்கள் தமக்குள் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கலையும், இட்டுக்கொண்ட பூசலையும், அவ்விரண்டிலும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பங்கையும் வருவாய் வில்லை காட்டும்.

இந்த வரியின் பிறப்பிடம் ஹாலந்து. 1624ஆம் ஆண்டில், போர்ச் செலவுக்குப் பணம் வேண்டி, முத்திரையிட்ட தாளில் எழுதினாலன்றிப் பத்திரம் செல்லாது என்ற முறை அங்கே ஏற்பட்டது. இங்கிலாந்து எழுபது ஆண்டுகள் கழித்து, 1694ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரருடன் நடந்த போருக்காக அதனைப் பின்பற்றியது. நான்கே ஆண்டுகளுக்கு என்று சொல்லித் தொடங்கிய வரி அது. போர் முடிந்தது, வரி முடியவில்லை. 1765ஆம் ஆண்டில் அதே வரியை அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது சுமத்த முயன்றபோது எழுந்த கிளர்ச்சியையும், மறு ஆண்டே அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டதையும் வரலாறு படித்தோர் அறிவர்.

நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இதனைப் புகுத்தியது 1797ஆம் ஆண்டில். வணிகர்களிடம் காவல் செலவுக்கென்று வாங்கிவந்த வரி ஒன்றை வங்காளத்தில் நீக்கவேண்டி வந்தது. அதனால் ஏற்பட்ட குறையை நிரப்ப அவ்வாண்டின் ஆறாவது ஒழுங்குவிதி முத்திரைத் தீர்வையைக் கொணர்ந்தது. சென்னை ராஜதானிக்கு 1808இலும், பம்பாய்க்கு 1815இலும் அது பரவியது. கல்கத்தா நகரத்தார் மட்டும் சில காலம் இதற்குப் புறம்பாக இருந்தனர். 1827ஆம் ஆண்டில் அவர்கள்மீதும் இது பாய்ந்தபோது, ஆங்கில வணிகரும் வங்காளப் பெருமக்களும் ஒருங்கே நின்று எதிர்த்து விண்ணப்பம் செய்தனர். அக்காலத்தில் அவ்விரு சாராரும் ஒன்றுசேர்ந்து கையெழுத்திட்ட விண்ணப்பங்கள் அரியன. பணப்பையைத் தொட்டால் ஒற்றுமை தானே வரும் போலும்.

அக்காலத்தில் ஒட்டும் வில்லை கிடையாது. தாளின் தலைப்பில் முத்திரை அச்சைக் கையாலோ பொறியாலோ பதித்து விற்றனர். வங்காளத்துத் தாள்களில் பாரசீகம், வங்காளம் முதலிய எழுத்துகளில் முத்திரை இருக்கும். பாரசீகம் அன்று நீதிமன்ற மொழி. தென்னாட்டு நிலைமை வேறு. எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதுவோர் மிகுதியாக இருந்தமையால், சென்னை ராஜதானியின் பழைய ஒழுங்குவிதிகள் முத்திரைத்தாளோடு முத்திரையிட்ட ஓலையையும் குறிப்பிடுகின்றன. பனை ஓலையில் கம்பெனியின் முத்திரை! எந்த நாட்டுத் தபால் தலைத் தொகுப்பிலும் இத்தகைய பொருள் ஒன்றைக் காண இயலாது.

ஒட்டும் வில்லைகளின் காலம் 1860ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்கிய செலவினால் அரசாங்கத்தின் பொக்கிஷம் வற்றிப்போயிருந்தது. அதனை நிரப்புவதற்காக லண்டனிலிருந்து நிதி உறுப்பினராக அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். 'எக்கனாமிஸ்ட்' என்னும் புகழ்பெற்ற பத்திரிகையை நிறுவியவரும் இவரே. வருமான வரியை இந்நாட்டுக்குக் கொணர்ந்ததும் அவர்தாம். அவ்வாண்டிலேயே நாடு முழுவதற்குமான முதல் முத்திரைச் சட்டமும் பிறந்தது. வில்சனுடைய புதிய வரிகளைச் சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரவெலியன் வெளிப்படையாகவே எதிர்த்தார். அதற்குத் தண்டனையாகப் பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனோ கல்கத்தாவின் வெயிலைத் தாங்காமல் வந்த ஓராண்டிற்குள்ளேயே காலமானார். வரி மட்டும் நிலைத்தது.

லண்டனிலுள்ள டி லா ரூ கம்பெனியார் அச்சிட்டு அனுப்பிய இவ்வில்லைகள் சிறு காகிதத் துண்டுகளே ஆயினும், அவற்றின் பின்னே ஒரு நுட்பமான போட்டி உண்டு. அரசாங்கத்திற்கும் சலவை வித்தையில் வல்ல மோசக்காரனுக்கும் இடையே நடந்த போட்டி அது. தபால் தலையின்மீது தபால் நிலையத்தார் அழுத்தமான கரிய மையினால் குத்துவர். வருவாய் வில்லையை ஒட்டுவோனோ எழுதும் மையினால் கையெழுத்திடுகிறான். எழுத்து மையைச் சில மருந்துகளால் போக்கிவிடலாம். போக்கிவிட்டால் வில்லை புதியதாகிவிடும். ஆதலால் டி லா ரூ கம்பெனியார் ஓர் உபாயம் செய்தனர். ஊதாவும் பச்சையுமாகிய சில மைகளை, நீரோ மருந்தோ பட்டால் தாமும் கரைந்து கெடும்படி அமைத்தனர். கையெழுத்தை அழிக்க முயல்பவன் வில்லையையும் அழித்துவிடுவான். பழைய வில்லைகளில் அந்த மங்கிய ஊதா நிறம் அடிக்கடி தென்படுவதன் காரணம் அழகுணர்ச்சியன்று, அவநம்பிக்கை.

வில்லையின் குறுக்கே கையெழுத்திடுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, ஒட்டுபவரே அவ்வில்லையை மறுமுறை பயன்படாதபடி செய்யவேண்டும் என்கிறது. தம் பெயரையோ பெயரின் முதலெழுத்துகளையோ நாளுடன் அதன்மேல் எழுதுவது அதற்கு ஒரு வழி என்றும் காட்டுகிறது. தபால் தலையை நீக்குபவர் அரசாங்க ஊழியர். வருவாய் வில்லையை நீக்குபவர் குடிமகனே. பாதிக் கையெழுத்து வில்லையிலும் மீதி தாளிலும் விழும். எழுதத் தெரியாதவரின் கைநாட்டும் அங்கேதான் விழும். ஆகவே ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மனிதனின் கை இருக்கிறது. விக்டோரியா அரசியின் முகத்துக்கு மேலே ஒரு குடியானவனின் பெருவிரல் ரேகை படிந்திருப்பதைக் காணும்போது, அவ்விருவருக்கும் இடையே இருந்த உறவு இன்னதென்று விளக்கப் புத்தகம் வேண்டியதில்லை.

புரோ நோட்டை எடுத்துக்கொள்வோம். நம் குடும்பங்களில் பழைய தகரப் பெட்டி இருக்குமானால் அதன் அடியில் இரண்டொன்று நிச்சயம் இருக்கும். வேறு பத்திரங்களில் முத்திரை குறைந்திருந்தால் குறைந்த தொகையையும் அதற்குப் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டி நேர்செய்துகொள்ளலாம். புரோ நோட்டுக்கு அந்தச் சலுகையைச் சட்டம் தரவில்லை. உரிய வில்லை இல்லாத நோட்டை நீதிமன்றம் சாட்சியமாகவே ஏற்காது. ஓரணாவை மிச்சம் பிடித்தவன் ஆயிரம் ரூபாயை இழப்பான். இதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாத சிற்றூர்க் கடன்காரரும் வில்லை விஷயத்தில் மட்டும் வக்கீல்களைப் போல் கண்ணாயிருந்தனர். நோட்டின் பின்புறத்தில் 'வரவு' என்று தலைப்பிட்டு, ஐந்தும் பத்துமாகக் கட்டிய தொகையை நாள்வாரியாக எழுதியிருப்பர். மூன்றாண்டுக் காலவரம்பு கடந்துபோகாமல் கடனை உயிரோடு வைத்திருக்கும் வழி அது. எந்த மாதத்தில் கட்டினார், எந்த ஆண்டில் ஒன்றுமே கட்டவில்லை என்று வரிசையாகப் பார்த்தால், அவ்வூரின் மழையும் வறட்சியும் கூடத் தெரியவரலாம்.

முத்திரைத்தாளின் பின்புறமும் இவ்வாறே படிக்கத்தக்கது. விற்ற ஸ்டாம்பு வெண்டரின் பெயர், வரிசை எண், நாள், வாங்கியவர் பெயர், ஊர் யாவும் அங்கே இருக்கும். முன்தேதியிட்டுப் பத்திரம் சோடிக்கும் எத்தனர் பலர் அகப்பட்டுக்கொண்டது முன்பக்கத்து எழுத்தினாலன்று, பின்பக்கத்து எழுத்தினால். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்தது 1936ஆம் ஆண்டு டிசம்பரில். அவர் முகம் பொறித்த தாளில் 1930ஆம் ஆண்டு என்று தேதியிட்ட உயில் ஒன்று வெளிவருமாயின், அதனை எழுதியவர் காலஞ்சென்றவர் அல்லர் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டுவதில்லை.

இனி நீதிமன்றக் கட்டண வில்லைகளுக்கு வருவோம். சேர்ப்போர் கண்ணுக்கு முதலில் படுவது அவற்றின் நீளமும் நடுவே இருக்கும் வட்டமான ஓட்டையும். 1870ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, வில்லையிலுள்ள தலையுருவைத் துளைத்தெடுத்துவிட வேண்டும், தொகையைக் குறிக்கும் பகுதிக்கு ஊறு நேரக்கூடாது, துளைத்தெடுத்த துண்டை எரிக்கவோ வேறு விதமாக அழிக்கவோ வேண்டும் என்று விதிக்கிறது. அரசியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் அரசியின் தலையையே நாள்தோறும் கொய்து தீயிலிடும்படி கூறியதை எண்ணினால் சிரிப்பு வராமலில்லை. மேசைமேல் பஞ்சுப் பொறியை வைத்துக்கொண்டு நீதிமன்ற எழுத்தர்கள் ஆண்டாண்டாக அந்தச் சிரச்சேதத்தைச் சலிப்போடு செய்துவந்தனர்.

ஆனால் இந்த வில்லை சிரிப்புக்குரிய பொருள் மட்டுமன்று. நீதி கேட்டு வருபவன் முதலில் பணம் கட்டவேண்டும் என்பதன் அடையாளம் அது. 1795ஆம் ஆண்டிலேயே வங்காளத்தில் வழக்குத் தொடுக்கக் கட்டணம் விதித்தபோது, வீண் வழக்குகளைக் குறைப்பதற்காகவே இது என்று ஒழுங்குவிதியின் முகவுரை கூறிற்று. நாற்பதாண்டுகளுக்குப் பின் சட்ட உறுப்பினராக வந்த மெக்காலே அந்த முகவுரையை எள்ளி நகையாடினார். பொய் வழக்குக்காரனிடம் பணம் இருந்தால் இக்கட்டணம் அவனைத் தடுக்காது. மெய்யான வழக்குடையவன் ஏழையாயிருந்தால் அவனைத்தான் தடுக்கும் என்பது அவர் வாதம். மெக்காலேயிடம் நமக்கு வேறு பிணக்குகள் உண்டு. இதில் அவர் கூறியது சரி. இங்கிலாந்தில் பெந்தாமும் அதற்கு முன்னமே வழக்கு வரிகளைக் கண்டித்து எழுதியிருந்தார்.

குடியரசு ஏற்பட்ட பின்னும் இந்த விவாதம் ஓயவில்லை. செதல்வாட் தலைமையிலிருந்த சட்டக் கமிஷன் 1958ஆம் ஆண்டில் அளித்த பதினான்காவது அறிக்கையில், நீதி வழங்குவதை அரசாங்கம் வருவாய்க்குரிய வழியாகக் கொள்ளலாகாது என்ற கருத்தை வற்புறுத்திற்று. சென்னை அரசாங்கம் கட்டணத்தை உயர்த்தியதன்மீது எழுந்த ஜெனித் லாம்ப் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இது வரியன்று, கட்டணம். எனவே உரிமையியல் நீதிக்கு ஆகும் செலவோடு இதற்குப் பொதுவான ஒரு பொருத்தம் இருத்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 'தீர்வை' என்றும் 'கட்டணம்' என்றும் 'வரி' என்றும் மூன்று சொற்கள். சட்டங்களை மொழிபெயர்க்கும் தொழிலுடையோர் இவற்றை மாற்றி எழுதிவிட்டால் வழக்கின் பொருளே மாறிவிடும். முத்திரைச் சட்டத்தின்கீழ் வருவது தீர்வை. வழக்கு மனுவில் ஒட்டுவது கட்டணம். கடையில் இரண்டும் ஸ்டாம்புதான்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இக்கலையில் தனிப்பட்ட ஒரு வசதி உண்டு. அது முன்னாள் சமஸ்தானங்களைப் பற்றியது. ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களுள் சொந்தத் தபால் தலை வெளியிட்டவை ஒரு சிறு பகுதியே. குவாலியர், பாட்டியாலா, நாபா, ஜீந்த், பரீத்கோட், சம்பா ஆகிய ஆறும் பிரிட்டிஷ் இந்தியத் தபால் தலையிலேயே தம் பெயரை மேலச்சிட்டுக்கொண்டன. மைசூர், பரோடா, மேவார் போன்ற பெரிய சமஸ்தானங்களுக்கும் சொந்தத் தபால் தலை கிடையாது. ஆனால் நீதிமன்றமும் பத்திரப் பதிவும் இல்லாத சமஸ்தானம் ஏது? தபால் தலை இல்லாதவையும் நீதிமன்றக் கட்டண வில்லைகளும் முத்திரைத்தாள்களும் அச்சிட்டன. கத்தியவாரில் மட்டும் இருநூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. அவற்றுள் சில, நடந்தே ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய அளவின. அவற்றிலும் பலவற்றுக்குச் சொந்த வில்லை உண்டு. லண்டன் அச்சகத்தின் மெருகு அவற்றில் இராது. உள்ளூர்க் கொல்லர் வெட்டிய அச்சு, கோணிய எழுத்து, முரட்டுத் தாள். ஆயினும் தலைப்பாகையும் முத்துமாலையுமாக அமர்ந்த அந்தக் குறுநில மன்னர்களை அவற்றில் காணலாம். அடால்ஃப் கெப்பெல், ரேமண்ட் மானர்ஸ் என்னும் இருவர் பிற்காலத்தில் இவ்வில்லைகளுக்கென்றே விரிவான அட்டவணை நூல் ஒன்று தொகுத்தனர். பிரிட்டிஷ் இந்திய வில்லைகளுக்கு 1905ஆம் ஆண்டிலேயே கிராஃப்டன், வில்மாட் கார்ஃபீல்டு இருவரும் கல்கத்தாவில் நூல் வெளியிட்டிருந்தனர்.

இடையே ஒரு வேடிக்கை. தபால் தலைக்கும் வருவாய் வில்லைக்கும் உள்ள வேலியை அரசாங்கமே இரண்டொரு முறை தாண்டியிருக்கிறது. 1866ஆம் ஆண்டில் ஆறணாத் தபால் தலைகள் போதாமற் போயின. கையிருப்பிலிருந்த ஆறணா வெளிநாட்டு உண்டியல் வில்லைகளை எடுத்து, தலையையும் அடியையும் வெட்டிக் குறுக்கி, 'தபால்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பச்சை மையில் மேலச்சிட்டு விற்றனர். நாடு விடுதலையடைந்த பின், கத்தியவார் சமஸ்தானங்கள் 1948ஆம் ஆண்டில் சௌராஷ்டிர ஐக்கிய ராஜ்யமாக ஒன்றுபட்டன. அங்கே பவநகர் சமஸ்தானத்தின் நீதிமன்றக் கட்டண வில்லைகளே மேலச்சுப் பெற்றுத் தபாலுக்கும் வருவாய்க்குமாகச் சில காலம் பயன்பட்டன. பவநகர் என்றவுடன் சென்னையில் இருந்தோர்க்கு ஒரு நினைவு வரக்கூடும். அச்சமஸ்தானத்தின் கடைசி மன்னராகிய கிருஷ்ணகுமாரசிங்ஜி தம் ஆட்சியை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்துவிட்டு, அதே 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தவர்.

நம் பக்கத்திலும் ஒரு சமஸ்தானத்துச் சுவடு உண்டு. நாஞ்சில் நாட்டாரும் செங்கோட்டையாரும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தமிழ்நாட்டோடு இணைந்தனர். அதற்கு முன் அவர்கள் பத்திரம் எழுதியது திருவிதாங்கூர்ச் சட்டப்படி. அந்தச் சமஸ்தானத்தின் சின்னம் சங்கு. நாணயக் கணக்கு சக்கரமும் காசும். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வீட்டுப் பத்திரங்களில் சக்கரக் கணக்குக் காணும் குடும்பத்தார் அவற்றைப் பழங்குப்பை என்று தள்ளிவிடலாகாது.

சமஸ்தானங்கள் மறைந்தன, மன்னன் தலை இருந்த இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்தன, நாசிக் நகரத்து அரசாங்க அச்சகம் முன்னரே டி லா ரூ கம்பெனியாரின் வேலையை ஏற்றிருந்தது. அரசியலமைப்பு இந்த வருவாயைப் பங்கிட்ட முறை கவனிக்கத்தக்கது. செக், புரோ நோட்டு, உண்டியல், இன்ஷூரன்ஸ், பங்கு மாற்றம், ரசீது முதலியவற்றின் தீர்வை விகிதத்தை மத்திய அரசு நிர்ணயிக்கும். 268ஆம் பிரிவின்படி வசூலித்துச் செலவிடுவது மாநிலங்களுக்குரியது. நிலம், வீடு முதலிய ஏனைய பத்திரங்களின் விகிதம் மாநிலங்களின் அதிகாரம். ஒரே கடையில் வாங்கும் ரசீது வில்லை நாடெங்கும் ஒன்றாகவும், வீட்டுப் பத்திரத்தின் முத்திரைச் செலவு மாநிலத்துக்கு மாநிலம் வேறாகவும் இருப்பது இதனாலேயே. வெளியூரில் வீடு வாங்கிய நம்மவர் பலர் இதனைத் தம் பணத்தைக் கொண்டு கற்றிருப்பர்.

வில்லைகளின் குடும்பம் இவ்வளவோடு நிற்பதன்று. தீப்பெட்டியின்மேல் சுற்றியிருந்த பாண்ட்ரோல் என்னும் சிறு காகிதப் பட்டையும் இந்த இனமே. 1934ஆம் ஆண்டில் தீக்குச்சிக்குக் கலால் தீர்வை விதிக்கப்பட்டபோது அது வந்தது. சிவகாசித் தீப்பெட்டி வடமாநிலங்களுக்குச் சென்ற இடமெல்லாம் அந்தப் பட்டையும் சென்றது. தந்திக்குத் தனி வில்லை இருந்தது. இரட்டைத் தலையுடைய அதனை நடுவில் வெட்டி, கீழ்ப்பாதியைத் தந்திப் படிவத்திலும் மேற்பாதியை அனுப்பியவரிடம் தரும் ரசீதிலும் சேர்த்தனர். படிவங்கள் அரசாங்கத்தாரால் அழிக்கப்பட்டன. ரசீதுகள் மக்களிடம் தங்கின. அதனால் சேர்ப்போர் கையில் மேற்பாதிகளே மிகுதி, கீழ்ப்பாதிகள் அரிது. அந்தத் தந்தியும் 2013ஆம் ஆண்டு ஜூலையில் நின்றுவிட்டது. வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி உரிமப் புத்தகத்தைப் புதுப்பித்த காலத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பழைய உரிமப் புத்தகத்தை வைத்திருப்போர் அதனையும் இத்தொகுப்பில் சேர்க்கலாம்.

சேர்க்கும் முறையைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும். தபால் தலை சேர்ப்போர் உறையிலிருந்து அதனை நீரில் ஊறவைத்துப் பெயர்த்தெடுப்பர். அந்தப் பழக்கத்தோடு இத்துறைக்கு வருவோர் செய்யும் தீங்கு பெரிது. முதலாவது, முன் சொன்ன கரையும் மைகள் நீர் பட்டவுடன் கெட்டுவிடும். இரண்டாவது, அதனினும் பெரிய கேடு: பத்திரத்தை விட்டு வில்லை பிரிந்தால் கையெழுத்து இரண்டாகிறது. யார், யாருக்கு, எதற்காக, எந்த ஊரில் என்பன யாவும் தாளோடு போய்விடுகின்றன. எஞ்சுவது பாதிப் பெயர். ஆல்பத்தில் அழகாக அடுக்கிய ஆயிரம் வில்லைகளைக் காட்டிலும், கிழியாத ஒரு புரோ நோட்டு மேலானது என்று நான் சொன்னால், வில்லை வணிகர்கள் உடன்படமாட்டார்கள். விலைப்பட்டியலும் வேறு விதமாகவே பேசும். அட்டவணை நூல்கள் வில்லைக்கு எண் தருகின்றன. கடனாளிக்கு எண் தருவதில்லை.

தாள்கள் அழிவதும் விரைவாகவே நடக்கிறது. காலங்கடந்த நீதிமன்றக் கட்டுகளை அழிப்பதற்கு 1917ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் உண்டு. ஆவண அறைகளின் இட நெருக்கடியை நோக்க அதனைக் குறைகூறவும் இயலாது. வீடுகளில் கரையானும் ஈரமும் அவ்வேலையைச் சட்டமின்றியே செய்கின்றன. பழைய காகிதக் கடைக்கு எடைபோட்டு விற்ற கட்டுகளிலிருந்துதான் சமஸ்தான வில்லைகளிற் பெரும்பாலானவை சந்தைக்கு வந்தன. தில்லியில் ஞாயிறுதோறும் கூடும் பழைய புத்தகச் சந்தை, பம்பாயின் சோர் பஜார், ராஜஸ்தான், குஜராத் நகரங்களிலுள்ள பழம்பொருட் கடைகள் ஆகியவற்றில் கண்ணும் பொறுமையும் உள்ளோர்க்கு இன்றும் கிடைக்கும்.

புதியவை இனி அதிகம் வரப்போவதில்லை. போலி முத்திரைத்தாள்களை அச்சிட்டுப் பல மாநிலங்களில் விற்ற பெரும் மோசடி 2003ஆம் ஆண்டில் நாட்டையே கலக்கிற்று. அதன்பின் தாளுக்கு மாற்றாகக் கணிப்பொறி வழி மின் முத்திரை பல மாநிலங்களில் பரவிற்று. சலவைக்காரனை வென்ற ஊதா மைக்கும், அவனுக்குப் பின்வந்த அச்சுத் திருடனுக்கும் நடந்த போட்டி முடிந்து, எண்களின் காலம் வந்துவிட்டது. இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஓரணா என்று 1899இல் இருந்த விதி, 1958ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பத்து நயா பைசாவாகிப் பின்னர் ஒரு ரூபாயாயிற்று. 2004ஆம் ஆண்டு முதல் ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கே அது வேண்டுவது. புரோ நோட்டின் நிலையோ விசித்திரமானது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகைக்கு இருபத்தைந்து காசு என்ற விகிதம் சட்டத்தின் அட்டவணையில் அசையாமல் இருந்துகொண்டிருக்க, 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு இருபத்தைந்து காசு நாணயமே செல்லாததாகிவிட்டது.

நீங்கள் வாழும் ஊரில் இத்தகைய தாள் ஒன்று கைக்குக் கிட்டுமானால், வில்லையைப் பார்த்தவுடன் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். எழுத்து உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். மகாராஷ்டிரத்துப் பழம் பத்திரங்கள் மோடி எழுத்திலும், பீகாரத்தவை கைதி எழுத்திலும் இருக்கும். வட நாட்டு வணிகர் கணக்குகள் மகாஜனி எழுத்தில் இருக்கும். இவற்றைப் படிக்க அறிந்த முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர். அத்தகைய ஒருவர் உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ இருப்பாராயின், அவரிடம் தாளைக் காட்டி, அவர் படித்துச் சொல்லும் பெயர்களையும் ஊரையும் நாளையும் தனித்தாளில் தமிழில் எழுதி உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் சேர்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.